அயல்மாணவரும் வாதக் கட்டமைப்பும்: இலக்கியச் சான்று, கட்டுரைச் சான்று குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேரும் மாணவர் முதலாண்டில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் மொழியறிவுக் குறைவே தலையாயது என்பது பொதுவான கருத்து. எனினும் இலக்கணப் பிழையின்றி எழுத வல்ல மாணவரும், ‘இதில் வாதம் இல்லை’ என்னும் ஆசிரியர் குறிப்புடன் தம் கட்டுரைகளைத் திரும்பப் பெறுகின்றனர். ஒரு புனைகதையையும் அதனைப் பற்றிய சில திறனாய்வுக் கட்டுரைகளையும் கொடுத்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு ஒரு கருத்தை நிறுவுமாறு பணிப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் வழங்கிவரும் முறை. அப்பணியை மேற்கொள்ளும் அயல்மாணவர் பலர் கதையைச் சுருக்கிக் கூறுகின்றனர். திறனாய்வாளர் கூற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றனர். இறுதியில் எவரும் மறுக்க இயலாத ஓர் அறவுரையுடன் முடிக்கின்றனர்.

இந்நிலைக்கு மாணவரின் பண்பாடே காரணம் என்று கூறும் போக்கு நெடுங்காலமாக நிலவிவருகிறது. அக்கருத்தை மறுத்து, இலக்கியமும் கட்டுரையும் சான்று என்ற வகையில் வெவ்வேறு தன்மையின என்பது வகுப்பறையில் தெளிவுறுத்தப்படாமையே முதன்மைக் காரணம் என நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. ஜோசப் கான்ராடின் ‘இருளின் இதயம்’ என்னும் குறுநாவலும், அது குறித்துச் சினுவா அச்சிபி எழுதிய கட்டுரையும், அதற்கு எழுந்த மறுமொழிகளும் இதற்கு விளக்கக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

கப்லானின் வரைபடங்கள்

அயல்மாணவரின் எழுத்து குறித்த கல்வியுலகச் சிந்தனையில் இராபர்ட் கப்லான் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியது. அயல்மாணவர் ஆங்கிலத்தில் எழுதிய ஏறத்தாழ 600 கட்டுரைகளை நோக்கிய அவர், ஒவ்வொரு மொழிக் குடும்பத்தாருக்கும் உரிய சிந்தனைப் போக்கு ஒன்று உண்டு என்றார். ஆங்கிலேயர் சிந்தனை நேர்கோடாகவும், கீழைத்தேயத்தார் சிந்தனை உள்நோக்கிச் சுழலும் வளையமாகவும் அவருடைய வரைபடங்களில் இடம்பெற்றன. எளிதில் மனத்தில் பதியும் இப்படங்கள் ஆசிரியர் பயிற்சி நூல்களில் பரவலாக எடுத்தாளப்பட்டன.

இக்கருத்தின் பயன் மறுக்கத்தக்கதன்று. மாணவரின் பிழை சொற்றொடர் அளவில் முடிந்துவிடுவதில்லை, பத்தி அமைப்பிலும் உண்டு என்பதை ஆசிரியர் உணர அது வழிவகுத்தது. ஆனால் மாணவர் இரண்டாம் மொழியில் எழுதிய கட்டுரைகளிலிருந்து அவர்தம் தாய்மொழியின் சிந்தனை வடிவத்தை வருவிப்பது அளவை நெறிக்குப் பொருந்தாது. தொடக்கநிலை எழுத்தாளர் எம்மொழியில் எழுதினும் சுற்றிவளைத்தல் இயல்பே. 1985இல் மோகனும் லோவும் வெளியிட்ட ஆய்வு, சீன மாணவரின் இடர்ப்பாட்டுக்குச் சீன எழுத்து மரபு காரணமாகாது என வாதிட்டது. ஹாங்காங் பள்ளிகளின் ஆங்கிலக் கல்வி சொற்றொடர்த் திருத்தத்தில் மிகுந்த கவனம் செலுத்தியதை அது சுட்டியது. கப்லானும் 1987இல் தம் முந்தைய கருத்து மிகைபடக் கூறப்பட்டது என ஏற்றுக்கொண்டார்.

இருப்பினும் ‘பண்பாட்டுத் தடை’ என்னும் விளக்கம் மறையவில்லை. மாணவர் ஏன் எழுத இயலவில்லை என்ற வினாவை ஆசிரியர் தம் பாடமுறையை நோக்கி எழுப்பாமல், மாணவரின் பிறப்பிடத்தை நோக்கி எழுப்ப அது இடமளிக்கிறது. இதன் விளைவு மாணவரின் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ‘வாதிடத் தெரியாதவர்’ எனக் குறிக்கப்பட்ட மாணவர், தம் கருத்து கேட்கத்தக்கது என்ற நம்பிக்கையையே இழக்க நேர்கிறது.

இலக்கியம் வேண்டுமா என்ற விவாதம்

முதலாண்டு எழுத்து வகுப்பில் இலக்கியத்திற்கு இடம் உண்டா என்பது அமெரிக்கக் கல்வியாளரிடையே நெடுநாள் விவாதப் பொருள். 1993இல் ‘காலேஜ் இங்கிலீஷ்’ இதழில் எரிகா லிண்டமன் இடமில்லை என்றும், கேரி டேட் இடமுண்டு என்றும் எதிரெதிர்க் கட்டுரைகள் எழுதினர். வெவ்வேறு துறைகளில் பயிலப்போகும் மாணவர்க்கு அத்துறைகளின் எழுத்து முறைகளே பயிற்றத்தக்கன என்பது லிண்டமனின் நிலைப்பாடு. இலக்கியத்தை விலக்குவதால் மாணவர் பெறத்தக்க வளமான மொழியனுபவம் குன்றும் என்பது டேட்டின் கவலை. இரண்டாம் மொழி மாணவரைப் பொறுத்தவரை இலக்கிய வாசிப்பு எழுத்துப் பயிற்சிக்குத் துணைசெய்யும் என்பதை ரூத் ஸ்பாக் 1985ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியிருந்தார்.

இவ்விவாதத்தில் இருதரப்பாரும் இலக்கியம் வேண்டுமா, வேண்டாவா என்று வினவினர். இலக்கியம் வாதத்தில் எப்பணியைச் செய்கிறது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. நடைமுறையிலோ ஒரே பாடத்தில் புனைகதையும் கட்டுரையும் அருகருகே வைக்கப்பட்டு, இரண்டும் ‘மூலங்கள்’ என்ற ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. சிக்கலின் வேர் இப்பொதுப்பெயரில்தான் உள்ளது.

இருவகை மூலங்கள்

கட்டுரை ஒரு கூற்றை முன்வைக்கிறது. அதற்குக் காரணம் காட்டுகிறது. அதனை மேற்கொள்ளும் மாணவர் ஏற்கவோ மறுக்கவோ திருத்தவோ வேண்டும். புனைகதை அவ்வாறு நேரடியாக எதனையும் வாதிடுவதில்லை. அதிலுள்ள ஒரு தொடர் யார் கூற்று, எச்சூழலில் கூறப்பட்டது, பிறிதோரிடத்தில் அக்கூற்று மறுக்கப்படுகிறதா என்பனவற்றை அறிந்த பின்னரே அது சான்றாகும். சுருங்கக் கூறின், கட்டுரைக்கு மறுமொழி வேண்டும். இலக்கியத்திற்கு விளக்கம் வேண்டும்.

இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் இருவகையிலும் தவறுகின்றனர். புனைகதையில் வரும் பாத்திரத்தின் கூற்றை ஆசிரியரின் கூற்றாகக் கொள்கின்றனர். அல்லது கதையையே சான்றாக எண்ணி முழுமையும் சொல்லிவிடுகின்றனர். திறனாய்வாளரின் கூற்றை, மறுக்கத்தக்க கருத்தாகக் கொள்ளாது, மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாகக் கொள்கின்றனர். விளக்க வேண்டியதைச் சுருக்குவதும், வினவ வேண்டியதை வணங்குவதும் ஆகிய இவ்விரு பிழைகளே ‘வாதமின்மை’ எனப் பெயர் பெறுகின்றன.

‘இருளின் இதயம்’ இச்சிக்கலை நன்கு புலப்படுத்தும். 1899இல் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் தொடராக வெளிவந்த இக்குறுநாவலில் தேம்ஸ் ஆற்றில் நிற்கும் படகொன்றில் மார்லோ தன் கொங்கோப் பயணத்தைக் கூறுகிறான். அவன் கூற்றைக் கேட்டிருந்த பெயரற்ற ஒருவன் அதனை வாசகர்க்கு உரைக்கிறான். ஆகவே நாவலில் ஆப்பிரிக்கரைப் பற்றி வரும் ஓர் இழிமொழியை மேற்கோள் காட்டும் மாணவர், அது மார்லோவின் பார்வையா, கான்ராடின் பார்வையா, அக்காலப் பொதுப்பார்வையா என முதலில் வரையறுக்க வேண்டும். வரையறுக்காமல் காட்டப்படும் மேற்கோள் எத்தரப்புக்கும் சான்றாகாது.

அச்சிபியின் கட்டுரை: ஒரு வாத மாதிரி

நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1975ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்கெர்ஸ்ட் வளாகத்தில் கான்ராடின் இந்நாவல் குறித்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அது 1977இல் ‘மாசசூசெட்ஸ் ரிவ்யூ’ இதழில் கட்டுரையாக வெளிவந்தது. அமெரிக்கக் கல்விக்கூடம் ஒன்றில் வருகைப் பேராசிரியராக இருந்த அயல்நாட்டார் ஒருவர், அக்கல்விக்கூடங்களில் பாடமாக இருந்த ஒரு நூலை மறுத்து எழுதியது என்பதால் அயல்மாணவர்க்கு இது தனிச்சிறப்புடையது.

இக்கட்டுரையின் அமைப்பு முதலில் நோக்கத்தக்கது. அது துணிபுரையுடன் தொடங்கவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் வழியில் கண்ட ஒருவருடன் நிகழ்ந்த உரையாடலையும், பள்ளி மாணவர் எழுதிய கடிதங்களையும் கூறித் தொடங்குகிறது. பின்னர் ஆப்பிரிக்காவைத் தனக்கு எதிர்நிலையாக நிறுத்திக்கொள்ளும் தேவை மேலையுலகிற்கு உண்டு என்னும் பொதுக்கருத்து வைக்கப்படுகிறது. கான்ராட் இனவெறியாளர் என்னும் வெளிப்படையான குற்றச்சாட்டு, நாவலின் பகுதிகள் பல ஆராயப்பட்ட பின்னரே வருகிறது. எனவே ஆங்கில வாதம் நேர்கோட்டில் அமையும் என்ற கோட்பாடு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புகழ்பெற்ற வாதம் ஒன்றுக்கே முற்றிலும் பொருந்தவில்லை என்பது தெளிவாகிறது. அக்கட்டுரைக்கு வலிமை தருவது, ஒவ்வொரு சான்றும் எதற்காகக் காட்டப்படுகிறது என்னும் தெளிவேயாகும்.

அச்சிபி காட்டும் அகச்சான்றுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. நாவலில் ஆப்பிரிக்கர்க்கு ஆங்கிலப் பேச்சு அளிக்கப்படும் இடங்கள் இரண்டே என்பது ஒன்று. கர்ட்ஸுடன் தொடர்புடைய ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட பேச்சு, அவனுக்கு மணம் பேசப்பட்ட ஐரோப்பியப் பெண்ணுக்கு வழங்கப்படுகிறது என்பது மற்றொன்று. ஆப்பிரிக்கச் சிற்பக்கலை ஐரோப்பிய ஓவியர்க்குப் புதுவழி காட்டிய வரலாற்றைப் புறச்சான்றாக அவர் சேர்க்கிறார். நாவல் எதைக் கூறுகிறது என்பதோடு, எதைக் கூறாது விடுகிறது என்பதையும் சான்றாக்கும் முறை இது.

ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த வாத அமைப்பு இங்குத் துணைசெய்யும். தரவு, துணிபு, இரண்டையும் பிணைக்கும் நியாயம் என அவர் பகுப்பார். ஆப்பிரிக்கர் பேசும் இடங்கள் இரண்டே என்பது தரவு. நாவல் அவர்களை முழு மனிதராகக் காட்டவில்லை என்பது துணிபு. ஒருவர்க்குப் பேச்சை மறுப்பது அவர் மனிதத்தன்மையை மறுப்பதாகும் என்பது பிணைக்கும் நியாயம். கட்டுரைகளில் பெரும்பாலும் வெளிப்படக் கூறப்படாதது இம்மூன்றாவதே. மாணவர் வினாவெழுப்பத்தக்க இடமும் இதுவே. பேச்சின்மை, பிறர் மொழியைக் கேட்க மாட்டாத மார்லோவின் செவிட்டுத்தன்மையை நாவல் அம்பலப்படுத்தும் உத்தியாக இருத்தல் கூடாதா என ஒரு மாணவர் வினவலாம். அவ்வாறு வினவுங்கால் அவர் அச்சிபியின் தரவை மறுக்கவில்லை. பிணைப்பை மட்டுமே ஐயுறுகிறார். திறனாய்வாளரை மதித்துக்கொண்டே அவரோடு மாறுபட இயலும் என்பதை மாணவர் இங்குக் கற்கின்றனர்.

அச்சிபியின் கட்டுரைக்கு எழுந்த மறுமொழிகளும் பாடமாகத்தக்கன. இலங்கைத் தமிழரான சார்ல்ஸ் பொன்னுத்துரை சர்வான் 1980இல் எழுதிய கட்டுரையில், கான்ராட் தம் காலத்து மனப்பாங்குகளிலிருந்து முற்றும் விடுபட்டவரல்லர் என ஏற்றுக்கொண்டு, எனினும் அவற்றினின்று விடுபட முயன்றவர் என மாறுபடுகிறார். கயானாவின் வில்சன் ஹாரிஸ் 1981இல், அச்சிபியின் உணர்வை மதித்தும் அவர் முடிவை ஏற்காது, இந்நாவல் கான்ராட் எட்டியும் கடக்காத ஓர் எல்லையில் நிற்கிறது எனக் கொள்கிறார். நைஜீரியா, இலங்கை, கயானா ஆகிய நாடுகளைச் சார்ந்த மூவர் ஒரே நூல் குறித்து மூவேறு முடிவுகளை எய்தியமை, வாதத் திறனைப் பிறப்பிடத்தோடு பொருத்திப் பார்க்கும் கருத்துக்குத் தக்க மறுப்பாகும்.

அச்சிபி தம் கட்டுரையின் பிந்தைய பதிப்பில், 1988இல், கான்ராடைக் குறித்த தொடரில் வசையாக அமைந்த அடைமொழியை நீக்கி, ‘முற்றான’ என்னும் பொருள்பட வேறொரு சொல்லை அமைத்தார். குற்றச்சாட்டு குறையவில்லை, அதன் தொனி மட்டும் மாறியது. ஒரு கருத்தை எத்துணை வன்மையுடன் கூறுவது என்பதும் எழுதுவோர் தெரிந்து செய்யும் செயலே என்பதற்கு இத்திருத்தம் எளிய எடுத்துக்காட்டாகும்.

நன்னூலின் எழுவகை மதம்

ஜெரால்ட் கிராஃபும் கேத்தி பர்க்கன்ஸ்டைனும் 2006இல் வெளியிட்ட பாடநூல், பிறர் கூறுவதை முதலில் உரைத்துத் தன் கூற்றை அதற்கு மறுமொழியாக அமைக்குமாறு மாணவரைப் பயிற்றுகிறது. அதற்குரிய தொடர்ச் சட்டகங்களையும் அளிக்கிறது. தமிழ் மாணவர்க்கு இவ்வணுகுமுறை அயலானதன்று. நூலாசிரியர் மேற்கொள்ளத்தக்க நிலைப்பாடுகளை நன்னூல் ஏழாகப் பகுக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவழி ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கொள்கையிற் சேராது தன் கொள்கையே கொள்ளல் என்பன அவை.

அச்சிபியின் கட்டுரையில் இவற்றுள் மூன்றாவது தெளிவாகக் காணப்படுகிறது. இழிமொழிகள் மார்லோவின் கூற்றேயன்றிக் கான்ராடின் கூற்றல்ல எனச் சிலர் வாதிடக்கூடும் என்பதை அவரே எடுத்துரைக்கிறார். பின்னர், மார்லோவின் பார்வைக்கு மாற்றான வேறொரு பார்வையை நாவலில் எங்கும் கான்ராட் சுட்டவில்லை எனக் காட்டி அத்தடையைக் களைகிறார். சர்வானின் கட்டுரை ஒருபுடை உடன்பட்டு ஒருபுடை மறுப்பது. நாவலைப் போற்றுவோர்க்கும் அச்சிபிக்கும் இடையே ஒருதலை துணிய முற்படும் மாணவர் ஐந்தாம் மதத்தைக் கைக்கொள்கிறார்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் பகுப்பும் இவ்விடத்து எண்ணத்தக்கது. ஏதுவுக்கும் பக்கத்திற்கும் உள்ள தொடர்பு பிறிதோரிடத்தும் மெய்யாதலைக் காட்டுவது திட்டாந்தம். டூல்மின் கூறும் பிணைப்பு நியாயத்தின் பணியை ஒருவாறு அது நிறைவேற்றுகிறது. வாதப் போலிகளையும் விரித்துரைக்கும் ஒரு காப்பியத்தைத் தன்னகத்தே கொண்ட மொழியினர்க்கு வாத மரபு இல்லை என்பது பொருந்தாது.

ஆயினும் ஒப்புமையை அளவிறந்து நீட்டுதல் தகாது. எழுவகை மதம் ஒரு நூலாசிரியர் பிற நூலாசிரியரின் கொள்கைகள்பால் கொள்ளும் நிலைப்பாடுகளை வகுப்பது. புனைகதையிலிருந்து சான்று பெறும் முறையை அது கூறவில்லை. கிராஃப், பர்க்கன்ஸ்டைன் ஆகியோரின் சட்டகங்களுக்கும் இவ்வரையறை பெருமளவு பொருந்தும். இலக்கியத்தைச் சான்றாக்கும் கலைக்கு உரைமரபையே நாட வேண்டும். அம்மரபிலும் எச்சரிக்கைக்குரிய பகுதிகள் உள. பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், தாம் கருதிய பொருளுக்கேற்பப் பாட்டின் அடிகளை இடம்மாற்றிக் கூட்டியதை மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறுத்தமை அறிஞர் அறிந்ததே. சான்றுக்கு ஏற்ப வாதம் அமைய வேண்டுமேயன்றி வாதத்திற்கு ஏற்பச் சான்று வளைதல் கூடாது என்பதே அம்மறுப்பின் சாரம்.

பிறர் சொல்லும் தன் சொல்லும்

மூலங்களைக் கையாளும் அயல்மாணவர்மீது மிகுதியாகச் சுமத்தப்படும் குற்றம் கருத்துத் திருட்டு. பிறர் தொடரை எடுத்துச் சில சொற்களை நீக்கியும் சிலவற்றுக்கு ஒருபொருட்சொல் பெய்தும் எழுதும் முறையை ரெபெக்கா மூர் ஹவர்ட் ஆராய்ந்து, அதனை ஒட்டுப்போட்ட எழுத்து எனும் பொருள்படப் பெயரிட்டார். புதிய துறையின் மொழியைக் கற்பவர் கடந்துசெல்லும் ஓர் இடைநிலையாக அதனைக் கருத வேண்டும் என்பது அவர் கருத்து. ஹாங்காங்கில் கற்பித்த அலஸ்டேர் பென்னிகுக் 1996இல் எழுதிய கட்டுரை, சொல்லுக்குத் தனியுடைமை கொண்டாடும் வழக்கம் மேலை வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட சூழலில் உருவானது எனக் காட்டுகிறது.

தமிழ் உரையாசிரியர் மாற்றுக் கருத்தினரைப் பெரும்பாலும் பெயர் சுட்டாமல், ‘என்பாரும் உளர்’ என்ற அளவில் குறித்து மறுப்பர். கற்றோர் அவையில் அக்கருத்து யாருடையது என்பது அறியப்பட்டிருந்தமையால் பெயர் வேண்டப்படவில்லை. ஆண்டும் பக்க எண்ணும் தந்து சுட்டும் இன்றைய முறையோ அறிமுகமில்லா வாசகரை முன்னிட்டது. இவ்வேறுபாட்டை எடுத்துரைக்காது தண்டனை மட்டும் விதிப்பது கற்பித்தலாகாது. அதேவேளை, மரபு வேறு என்பதைக் காரணமாக்கி மேற்கோள் நெறியைத் தளர்த்துவதும் மாணவர்க்கு நன்மை பயக்காது. பிறர் கூற்று எங்கு முடிகிறது, தன் கூற்று எங்குத் தொடங்குகிறது என்பதை எல்லையிட்டுக் காட்டாத கட்டுரையில் மாணவரின் சொந்தக் கருத்தும் அவருடையதாக மதிக்கப்படுவதில்லை.

சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற ஃபான் ஷென் 1989இல் எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ‘நான்’ என எழுதுவது தன்னலமாகக் கருதப்பட்ட சூழலில் வளர்ந்தவர், ஆங்கிலத்தில் எழுத வேறொரு ‘நான்’ஐ உருவாக்கிக்கொள்ள நேர்ந்ததை அவர் விவரிக்கிறார். பழைய அடையாளத்தைத் துறக்காமலே புதியதொன்றை அணிந்துகொள்ளக் கற்றதாக அவர் கூறுவது ஆசிரியர் மனங்கொள்ளத்தக்கது. வாதம் செய்யக் கற்றல் என்பது தன்மொழி மரபைக் கைவிடுதல் ஆகாது.

முடிவுரை

அயல்மாணவரின் வாதமின்மைக்குப் பண்பாட்டைக் காரணமாக்கும் விளக்கம் வலுவான சான்றுடையதன்று. அதனை முன்வைத்தவரே பின்னர் அதன் மிகையை உணர்ந்தார். மாணவர்க்கு வேண்டுவது, கையிலுள்ள நூல் விளக்கம் வேண்டுவதா, மறுமொழி வேண்டுவதா என்னும் தெளிவே. இலக்கியப் பகுதியை எடுத்துக்கொள்ளும்போது யார் கூற்று, எச்சூழல், நூலிலேயே மாற்றுச் சான்று உண்டா என வினவவும், கட்டுரையை எடுத்துக்கொள்ளும்போது துணிபு யாது, தரவு யாது, கூறப்படாத பிணைப்பு யாது என வினவவும் பயிற்றின், சுருக்கமும் அடுக்கலும் குறைய வழியுண்டு.

இது அமெரிக்க வகுப்பறைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1950இல் நிறுவப்பட்ட இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் உதவித்தொகை பெற்று ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் மாணவர் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். அவர்கள் இந்திய வகுப்பறைக்கு அயல்மாணவர். அவர்தம் கட்டுரையில் வாதம் இல்லை என எழுதுமுன், மூலங்களின் வேறுபாடு அவர்களுக்கு எடுத்துரைக்கப்பட்டதா என்பதை ஆசிரியர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மறுக்கவும் மாறுபடவும் தமக்கு உரிமை உண்டு என்பதை அறிந்த மாணவரே சான்றுகளைத் தேடிப் பொருத்தும் உழைப்பை விரும்பி மேற்கொள்வர். அவ்வுரிமையை வழங்குவது ஆசிரியர் கடமை; அதற்குரிய கருவிகளை வழங்குவதும் அக்கடமையின் பகுதியே.